ஏடு மேசையில் இருக்கும்போதே பெரிய திரையில் பார்க்க வேண்டும்: கேமராவைக் கணினியோடு இணைத்துப் படம் எடுப்பது பற்றி

1 | ஏட்டுக்காரி

வணக்கம். எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கொள்ளுத்தாத்தா சித்த வைத்தியர். அவருடைய சுவடிக் கட்டு ஒன்று பெரியப்பா வீட்டுப் பரணில் இருந்தது. ஏடு ஒவ்வொன்றும் 42 செ.மீ. நீளம், மூன்றரை செ.மீ. அகலம். கடைசி ஏட்டில் ௱௪௰௯, அதாவது 149 என்று எழுதியிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 148தான் வருகிறது. ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது என்று பெரியப்பா சொல்கிறார்.

போன மாதம் நானே படம் எடுத்தேன். 24 மெகாபிக்சல் கேனான் கேமரா, 60 எம்எம் மேக்ரோ லென்ஸ், இரண்டு பக்கமும் எல்இடி விளக்கு. டிரைபாடின் நடுத்தண்டைப் படுக்கையாகத் திருப்பி, கேமராவைக் கீழே பார்க்க வைத்தேன். மூன்று நாள் வேலை, 296 படங்கள். கேமராவின் குட்டித் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரிந்தன. கட்டைத் திரும்பக் கட்டிப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்து லேப்டாப்பில் திறந்து பார்த்தால், ஏறக்குறைய நாற்பது படங்களில் எழுத்து இரட்டையாகத் தெரிகிறது. லேசான ஆட்டம்தான். ஆனால் கீறல் எழுத்தில் அந்த ஆட்டம் வந்தால் புள்ளியில்லாத 'க'வும் 'த'வும் ஒன்றாகிவிடுகின்றன.

மறுபடி எடுக்கப் பெரியப்பா சம்மதித்துவிட்டார். ஆனால் ஏடுகளின் ஓரம் ஏற்கெனவே உதிர்கிறது. இரண்டாம் தடவையோடு முடிய வேண்டும், மூன்றாம் தடவை இருக்கவே கூடாது. கேமராவைக் கணினியோடு கேபிளில் இணைத்து எடுத்தால் உடனுக்குடன் பெரிய திரையில் பார்க்கலாம் என்றார்கள். நேற்று முயன்றேன். பத்துப் பதினைந்து படம் வரும், அப்புறம் இணைப்பு அறுந்துவிடுகிறது. கேமராவை அணைத்துப் போட்டால் திரும்ப வருகிறது. இதை நம்பி இறங்கலாமா?

2 | பழைய லென்ஸ்

அம்மா, முதலில் ஒன்று கேட்கிறேன். நாற்பது படம் ஆடியதற்குக் காரணம் கேபிள் இல்லாததா? ஷட்டர் வேகம் என்ன வைத்திருந்தீர்கள்? கையால் அழுத்தினீர்களா?

நான் முப்பது வருஷமாகப் படம் எடுக்கிறேன். ஃபிலிம் காலத்தில் உடனே பார்க்கும் வசதியே கிடையாது. அப்போதும் ஆவணங்களை நகல் எடுத்தோம், கூர்மையாகத்தான் வந்தன. ஸ்டாண்டை உறுதியாக்குங்கள், டைமரில் எடுங்கள், பத்துக்கு ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். லேப்டாப், கேபிள், மென்பொருள் என்று மூன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் பழுதாவதற்கு மூன்று இடம் கூடுகிறது. இணைப்பு அறுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

3 | ஏட்டுக்காரி

ஐயா, ஷட்டர் 1/10 விநாடி, எஃப் 8, ஐஎஸ்ஓ 100. கையால்தான் அழுத்தினேன். மேலே மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. தப்பு என்னுடையதுதான். ஆனால் அது தப்பு என்பதே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுதான் வலிக்கிறது.

4 | நிழல்காரன்

சென்னையில் பொருள்களைப் படம் எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சேலை, நகை, பாத்திரம். பத்து வருஷமாகக் கேபிள் இல்லாமல் ஒரு நாள் கூட எடுத்ததில்லை. அதனால் பழைய லென்ஸ் ஐயாவோடு இதில் எனக்கு உடன்பாடு இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவின் முதுகில் இருப்பது மூன்று அங்குலத் திரை. 24 மெகாபிக்சல் படத்தை அதில் முழுதாகக் காட்டும்போது பக்கத்துப் பிக்சல்களெல்லாம் ஒன்றாக நசுங்கித்தான் தெரியும். இரண்டு மூன்று பிக்சல் ஆட்டம் அதில் தெரியவே தெரியாது. பெரிதாக்கிப் பார்க்கலாம்தான். ஆனால் தலைக்கு மேல் கீழ்நோக்கி மாட்டியிருக்கும் கேமராவை எட்டிப் பிடித்து, பொத்தான் அழுத்தி, நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதை 148 தடவை யார் செய்வார்கள்? ஐந்தாவது படத்துக்குப் பிறகு விட்டுவிடுவோம். எட்டிப் பிடிக்கும்போது கேமரா ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சட்டகம் மாறிப்போகும்.

கேபிள் போட்டால் கேமராவைத் தொடவே வேண்டாம். லேப்டாப்பில் தட்டினால் ஷட்டர் விழும். உங்கள் நாற்பது படமும் கெட்டது விரல் பட்ட ஆட்டத்தில்தான். கேனானின் ஈஓஎஸ் யுடிலிட்டி மென்பொருள் இலவசம். அதில் லைவ் வியூ (லென்ஸ் பார்ப்பதை அப்படியே திரையில் காட்டுவது) திறந்து, பெரிதாக்கி, ஒரு எழுத்தின் கீறல் மேல் கையால் போக்கஸ் வைத்துவிட்டு, லென்ஸில் ஆட்டோபோக்கஸை அணைத்துவிடுங்கள். லைவ் வியூவில் இருக்கும்போது உள்ளே கண்ணாடி ஏற்கெனவே தூக்கியிருக்கும், அதன் அதிர்வும் இல்லை. மின்விசிறியை நிறுத்துங்கள். 1/10 விநாடியே போதும்.

இப்போது இணைப்பு அறுவதற்கு வருவோம். கேபிள் எத்தனை மீட்டர்? எங்கே வாங்கியது? நடுவில் எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா?

5 | ஏட்டுக்காரி

கேமராவோடு வந்த கேபிள் ஒரு மீட்டர்கூட இல்லை, மேசைக்கு எட்டவில்லை. அதனால் ஆன்லைனில் மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒன்று வாங்கி நடுவில் போட்டேன். அது ஒரு சின்ன ஹப்பில் போய், ஹப் லேப்டாப்பில் செருகியிருக்கிறது. மவுஸும் அதே ஹப்பில்தான்.

6 | நிழல்காரன்

அங்கேதான் கோளாறு இருக்கும் என்று நினைக்கிறேன்.

யூஎஸ்பி 2.0 கேபிள் அதிகபட்சம் 5 மீட்டர்தான் போக வேண்டும் என்பது விதி. அதுவும் ஒரே துண்டாக இருந்தால். உங்களுடையதில் கேபிள், எக்ஸ்டென்ஷன், ஹப் என்று ஒவ்வொரு இணைப்பிலும் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கிறது. விலை குறைந்த எக்ஸ்டென்ஷனில் உள்ளே கம்பி தலைமுடி மாதிரி இருக்கும். மவுஸை ஓட்டும், 28 எம்பி ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) நூறு தடவை தாங்காது. யூஎஸ்பி 3 கேமரா வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கறார்: சாதாரணக் கேபிளில் 3 மீட்டர் தாண்டினாலே நம்ப முடியாது. அதற்கு மேல் வேண்டுமானால் உள்ளேயே சிக்னலைத் தூக்கிவிடும் ரிப்பீட்டர் கேபிள்தான்.

செய்ய வேண்டியது: நல்ல தடிமனான, ஒரே துண்டு 3 மீட்டர் கேபிள், நேராக லேப்டாப்பில். ஹப் வேண்டாம். லேப்டாப்பில் இரண்டு பக்கமும் யூஎஸ்பி வாய் இருந்தால் மவுஸ் ஒரு பக்கம், கேமரா இன்னொரு பக்கம்.

அப்புறம் விண்டோஸ் என்றால் பவர் ஆப்ஷன்ஸ் உள்ளே போய் 'யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணைத்துவிடுங்கள். ஏட்டை மாற்றி வைக்க நீங்கள் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டால், யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்துக் கணினி அந்த வாயைத் தூங்கவைத்துவிடும். கேமராவிலும் ஆட்டோ பவர் ஆஃப் இருக்கும், அதையும் அணைக்க வேண்டும். பத்துப் பதினைந்து படத்துக்கு ஒரு தடவை அறுகிறது என்பதைக் கேட்டால் இந்த மூன்றில் ஒன்றோ மூன்றுமோதான்.

பேட்டரிக்குப் பதில் சுவர் மின்சாரத்தில் ஓட்டும் டம்மி பேட்டரி கிடைக்கும். லைவ் வியூவைத் திறந்தே வைத்தால் பேட்டரி மளமளவென்று இறங்கும். அதை மாற்றக் கேமராவைத் தொட வேண்டி வரும், சட்டகம் நகரும். ஆகவே டம்மி பேட்டரியும் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கேபிளைக் கேமராவில் செருகி அப்படியே தொங்கவிடக் கூடாது. என் உதவியாளர் தம்பி ஒருவன் ஒரு தடவை கேபிளில் கால் மாட்டி நடந்தான். கேமரா விழவில்லை. ஆனால் உள்ளே போர்டோடு ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன வாய் பெயர்ந்துவிட்டது. ஒரு மாதம் கேமரா பழுதுபார்க்கும் இடத்தில் கிடந்தது. கேபிளை முதலில் டிரைபாடில் ஒரு சுற்றுச் சுற்றி வெல்க்ரோவால் கட்டுங்கள், அங்கிருந்து கொஞ்சம் தளர்வாக விட்டுக் கேமராவில் செருகுங்கள். மாட்டைக் கட்டும்போது இழுப்பு முளைக்குத்தானே போக வேண்டும், மூக்கணாங்கயிற்றுக்கு அல்லவே. லேப்டாப் பக்கமும் அப்படித்தான், மேசைக் காலில் ஒரு கட்டு. இப்படிக் கேமராவைக் கணினியோடு இணைக்கும் டெதர் கேபிள்களை ஆரஞ்சு நிறத்தில் விற்பது அழகுக்காக இல்லை, இருட்டான ஸ்டுடியோவில் காலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

7 | மூன்றாம் கண்

இவ்வளவு கஷ்டம் எதற்கு, வைஃபையில் அனுப்பினால் என்ன? இப்போது எல்லாக் கேமராவிலும் இருக்கிறதே.

8 | நிழல்காரன்

ஜேபெக் என்றால் சரி. ரா கோப்பு ஒவ்வொன்றும் வைஃபையில் வந்து சேர பத்து விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டி வரும், பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் குறுக்கே வந்தால் இன்னும் அதிகம். கேபிளில் யூஎஸ்பி 2.0 என்றாலும் விநாடிக்கு 25, 30 எம்பி வந்துவிடும். 28 எம்பி கோப்புக்கு ஒரு விநாடி.

9 | கட்டற்றவன்

லினக்ஸ்காரர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன், ஏட்டுக்காரி அக்காவுக்கும் பயன்படும்.

கேமராவும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழிக்கு பிடிபி என்று பெயர், ஐஎஸ்ஓ 15740 என்று தரப்படுத்தியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் கட்டளைகளைச் சேர்த்துவைத்திருக்கிறது. அந்தக் கட்டளைகளையெல்லாம் வருஷக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்து ஒரே நூலகமாக்கியவர்கள் லிப்ஜிபோட்டோ2 ஆட்கள். 2,500-க்கும் மேற்பட்ட கேமராக்கள் அவர்கள் பட்டியலில் இருக்கின்றன. டார்க்டேபிளில் இருக்கும் டெதரிங் பகுதி, என்டாங்கிள் என்ற தனிச் செயலி எல்லாமே அதன் மேல்தான் ஓடுகின்றன. விண்டோஸில் கட்டற்ற மென்பொருள் வேண்டுமென்றால் டிஜிகேம்கன்ட்ரோல் இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் முட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: 'யூஎஸ்பி கருவியைக் கைப்பற்ற முடியவில்லை' என்று பிழைச் செய்தி வரும். கேமரா கெட்டுப்போகவில்லை. அதைச் செருகியவுடன் டெஸ்க்டாப் தானாகவே அதைத் திறந்து படங்களைக் காட்ட முந்திக்கொள்கிறது. ஒரு வாசலில் ஒருவர்தான் நிற்க முடியும். கோப்பு மேலாளரில் கேமராவை அன்மவுண்ட் செய்துவிட்டு முயன்றால் போதும். மேக்கிலும் இதே கதை, அங்கே பின்னணியில் ஓடும் பிடிபிகேமரா (புதிய மேக்குகளில் ptpcamerad) என்ற நிரல்தான் முந்திக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது கட்டளைவரிதான். ஜிபோட்டோ2வை டெதர் முறையில் ஓடவிட்டால், படம் எடுக்க எடுக்க நாம் சொன்ன பெயரில் நாம் சொன்ன அடைவுக்குள் கோப்பு வந்து விழும். ஒவ்வொரு கோப்பு வந்ததும் ஒரு சின்ன நிரலை இயக்கச் சொல்லலாம். நான் அதில் இரண்டாவது வட்டுக்கு நகல் எடுக்கவும் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று பிறகு சரிபார்க்க உதவும் எண்) எழுதவும் சொல்லியிருக்கிறேன். கேமராவின் கார்டிலும் எழுத வேண்டும் என்று அமைப்பில் சொல்ல மறக்க வேண்டாம். கேனானில் சொல்லாவிட்டால் கேமராவின் நினைவகம் வழியாகக் கணினிக்கு மட்டும் போகும், கார்டில் எதுவும் இருக்காது.

10 | பழைய லென்ஸ்

கட்டற்றவன் தம்பி கடைசி வரியில் சொன்னதைத்தான் நான் பயந்தேன். கார்டில் எழுதாமல் கணினிக்கு மட்டும் அனுப்பி, பாதியில் கேபிள் அறுந்தால் அந்தப் படம் போச்சு. ஈஓஎஸ் யுடிலிட்டியிலும் 'கணினிக்கு மட்டும்', 'கணினிக்கும் கார்டுக்கும்' என்று தேர்வு உண்டு. இரண்டாவதைத்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் என் ஆட்சேபணை பாதி குறைந்துவிடும்.

மீதிப் பாதி இதோ. ஒரு படத்துக்கு ஒரு ஏடு என்று எடுத்தீர்கள் அல்லவா? ஏன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் படம் 6000க்கு 4000 பிக்சல். 42 செ.மீ. ஏட்டை ஓரம் விட்டு 45 செ.மீ. அகலத்தில் பிடித்தால் செ.மீ.க்கு 133 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 339. சுவடி நகலெடுப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் 300ஐத் தாண்டிவிட்டது. அந்த 45 செ.மீ. அகலத்துக்கு உயரம் எவ்வளவு? 30 செ.மீ. உங்கள் ஏடு மூன்றரை செ.மீ. மீதி 26 செ.மீ. கறுப்புத் துணியைத்தான் படம் எடுத்திருக்கிறீர்கள்! நான்கு ஏடுகளைக் கீழ்க்கீழாக அடுக்கினாலும் எழுத்தின் துல்லியம் ஒரு பிக்சல்கூடக் குறையாது. 296 படம் 74 ஆகிவிடும்.

11 | ஏட்டுக்காரி

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

12 | வடமராட்சி

இந்த இழையை இன்றைக்குத்தான் வாசித்தேன். நான் இருப்பது யாழ்ப்பாணத்தில். பழைய நூல்கள், கையெழுத்துப் பிரதிகள், சில வேளை ஏடுகளும் படம் பிடிக்கிற ஒரு சின்னக் குழுவோடு வேலை செய்கிறேன்.

நான்கு ஏடுகளை ஒன்றாக வைக்கிறது நல்ல யோசனை, ஆனால் கவனம் தேவை. முன்பக்கம் நாலும் எடுத்த பிறகு, இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். எல்லாவற்றையும் அள்ளி எடுத்துத் திருப்பி வைத்தால் ஒழுங்கு மாறிவிடும், பிறகு எந்தப் பின்பக்கம் எந்த ஏட்டுக்குரியது என்று ஒருவருக்கும் விளங்காது. துளைகள் நேர்கோட்டில் வரும்படி வையுங்கள். ஏட்டெண் எல்லாம் இடது ஓரத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும், திரையில் ஒரே பார்வையில் வாசிக்கலாம். அந்த எண்களை ஒவ்வொரு படத்திலும் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் கொப்பியில் எழுத வேண்டும். நாங்கள் இருவராகத்தான் இருப்போம். ஒருவர் ஏடு தொடுகிறவர், மற்றவர் கணினி தொடுகிறவர். கை மாறுவதில்லை.

விளக்கு நாலு ஏட்டுக்கும் ஒரே அளவில் விழ வேண்டும். வெறும் சாம்பல் அட்டை ஒன்றை முழுச் சட்டகத்திலும் வைத்து ஒரு படம் எடுத்து, நாலு மூலையிலும் நடுவிலும் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று கணினியில் பாருங்கள். இதுவும் கேபிள் இருந்தால்தான் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை.

நகலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது 97,000 அளவில் நூல்கள் போயின, ஏடுகளும் போயின. எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் ஒரே இடத்தில் மட்டும் இருப்பதை நாங்கள் இருப்பதாகவே கணக்கெடுப்பதில்லை. 2005இல் ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கிற 'நூலகம்' என்ற இணையத்தளம் தொடங்கிய பிறகு எத்தனையோ பேர் இந்த வேலைக்கு வந்தது அந்த நினைவினால்தான். கார்ட்டில் ஒன்று, கணினியில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று. அந்த வட்டு இரவு வேறு வீட்டில் தூங்க வேண்டும். படம் பிடித்த அன்றைக்கே. நாளைக்கு என்று வைக்க வேண்டாம், தங்கச்சி.

13 | மூன்றாம் கண்

ஒரு சந்தேகம். ஸ்கேனரில் வைத்தால் போக்கஸ், ஆட்டம் எந்தத் தொல்லையும் இல்லையே?

14 | வடமராட்சி

ஏ4 ஸ்கேனரின் நீளம் ஏறக்குறைய 30 செ.மீ., ஏ3 என்றால் 42. ஏடு விளிம்பு வரைக்கும் இடிக்கும். அதைவிட முக்கியம், பழைய ஏடு வளைந்திருக்கும். கண்ணாடியில் வைத்து மூடியை அழுத்தினால் ஓலை நீளவாட்டில் பிளந்துவிடும். எங்களுக்கு ஏடு கொண்டுவருகிறவர்களிடம் முதலில் சொல்கிறது இதைத்தான்.

15 | நிழல்காரன்

வளைவு பற்றிப் பேச்சு வந்ததால்: ஏட்டை நேராக்க முயற்சி செய்ய வேண்டாம். இந்தத் தூரத்தில், 60 எம்எம் லென்ஸில் கேமரா ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் இருக்கும். எஃப் 8இல் மேலும் கீழுமாக இரண்டு செ.மீ. தாராளமாகக் கூர்மையாக வரும். ஏடு அவ்வளவு வளைந்திருக்காது.

ஆனால் கேமராவின் முகம் மேசைக்கு இணையாக இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் மேல் ஏடு பெரிதாகவும் கீழ் ஏடு சிறிதாகவும் வரும். அதற்கு நாங்கள் செய்வது: ஏடு வைக்கும் இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைப்போம். லைவ் வியூவைத் திறந்தால் லென்ஸே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். லென்ஸின் பிம்பத்தின் நடுப்புள்ளி சட்டகத்தின் நடுப்புள்ளியில் வரும் வரை கேமராவைச் சாய்த்துச் சரி செய்தால் முடிந்தது. மட்டப்பலகையைவிட இது துல்லியம். லேப்டாப் திரையில் பார்த்துக்கொண்டே இரண்டு கையாலும் திருகலாம், அதுதான் இதில் சுகம்.

லேப்டாப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அதன் திரை வெளிச்சம் ஏட்டின் மேல் விழக் கூடாது. மேசைக்குப் பக்கவாட்டில், முதுகு ஏட்டைப் பார்க்கும்படி வையுங்கள். அறையில் வேறு விளக்கு, ஜன்னல் வெளிச்சம் எதுவும் வேண்டாம். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் சேலையோடு மேசை மேல் குனிந்தால் ஏட்டில் மஞ்சள் ஏறும், வெள்ளிப் பாத்திரம் எடுத்துப் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்புறம் வெளிச்சம் சரியா என்பதைத் திரையின் பிரகாசத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இருட்டறையில் லேப்டாப் எப்போதும் பளிச்சென்றுதான் காட்டும். ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். முதல் படத்தில் 24 கட்ட வண்ண அட்டை ஒன்றையும், ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஒரு செ.மீ. அளவுகோலையும் வைத்துவிடுங்கள்.

16 | ஏட்டுக்காரி

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு கேள்வி: சில ஏடுகளில் மை போய்விட்டது, வெறும் கீறல்தான். நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. பெரியப்பா எண்ணெய் தடவிக் கரி தேய்த்தால் தெரியும் என்கிறார்.

17 | வடமராட்சி

நீங்களாகத் தேய்க்க வேண்டாம். அது தெரிந்தவர்கள் செய்கிற வேலை. எண்ணெய் தடவின ஏடு படத்தில் பளபளக்கும், அது வேறு தொல்லை. மை இல்லாத ஏட்டை மட்டும் தனியாக வைத்து, ஒரு விளக்கை அணைத்துவிட்டு, மற்றதை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் இருந்து அடியுங்கள். கீறல் ஒவ்வொன்றும் நிழல் விழுத்தும். விளக்கை மெல்ல நகர்த்தி, நகர்த்தி, லைவ் வியூவில் பாருங்கள். ஓர் இடத்தில் எழுத்துத் துள்ளி எழும்பும். அந்த இடத்தில் நிறுத்திப் படம் எடுங்கள். அந்த இடத்தைக் கண்ணால் மேசையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் உங்கள் கண் இருக்கிற இடத்தில் லென்ஸ் இல்லை.

18 | பழைய லென்ஸ்

வடமராட்சி சொன்ன கடைசி வரிக்காக நான் என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன். சாய்வு வெளிச்சத்தை லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே நகர்த்துவது என்பதை ஃபிலிம் காலத்தில் நாங்கள் ஊகத்தில்தான் செய்தோம். ஐந்து கோணத்தில் எடுத்து, கழுவிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். மேசையில் இருக்கும்போதே தெரிந்திருந்தால் எத்தனை கல்வெட்டுப் படிகளைத் திரும்ப எடுக்காமல் தப்பித்திருப்பேன்.

19 | ஏட்டுக்காரி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எடுத்து முடித்தாயிற்று.

புது 3 மீட்டர் கேபிள், ஒரே துண்டு, நேராக லேப்டாப்பில். செலெக்டிவ் சஸ்பெண்ட், ஆட்டோ பவர் ஆஃப் இரண்டையும் அணைத்தேன். இரண்டு நாளில் ஒரே ஒரு தடவைதான் இணைப்பு அறுந்தது, அதுவும் மின்சாரம் போனபோது. டம்மி பேட்டரி சுவரை நம்பியிருந்ததால் கேமரா அணைந்துவிட்டது. அப்போது எடுத்திருந்த படம் கார்டிலும் இருந்தது, லேப்டாப்பிலும் இருந்தது. கேபிளை டிரைபாடில் கட்டியது எவ்வளவு நல்லது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பெரியப்பாவின் பேரன் அறைக்குள் ஓடிவந்தான்.

கண்ணாடி வைத்துப் பார்த்ததில் கேமரா நன்றாகவே சாய்ந்திருந்தது தெரிந்தது. முதல் தடவை எடுத்த 296 படமும் அந்தச் சாய்வில்தான் எடுத்திருக்கிறேன்.

நான் ஏடு வைத்தேன், பெரியப்பா லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எண் வாசித்தார். அவருக்குத் தமிழ் எண்கள் தெரியும், எனக்குப் பத்து வரைக்கும்தான் தெரியும். நாலு நாலாக அடுக்கியதால் இடது ஓரத்தில் எண்கள் ஏணி மாதிரி வந்தன. பதினோரு அடுக்கு ஒழுங்காகப் போயிற்று. பன்னிரண்டாவது அடுக்கின் முன்பக்கப் படத்தில் "௪௰௫, ௪௰௬, ௪௰௭" என்று வாசித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். நாலாவது ஏட்டில் ௪௰௯ என்று இருந்தது. 48 இல்லை.

தொலைந்தது இதுதான் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நான் முதல் மூன்றைப் புரட்டினேன். பின்பக்கப் படம் வந்ததும் பெரியப்பா 47இன் முன்பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து வாசித்தார். ஒரு சூரணத்துக்குச் சரக்குப் பட்டியல். முன்பக்கம் சுக்கு, மிளகு என்று அளவோடு பாதியில் நிற்கிறது. பின்பக்கம் ஏதோ தைலத்தின் பதம் பற்றி நடுவில் தொடங்குகிறது. இரண்டும் ஒட்டவில்லை. பெரிதாக்கிக்கொண்டே போனார். துளை இருக்கும் இடத்தில் ஓலையின் விளிம்பு ஒன்றில்லை, இரண்டாகத் தெரிந்தது.

47உம் 48உம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. தொலையவே இல்லை. எப்போதோ எண்ணெய் தடவி அப்படியே கட்டி வைத்ததில் ஒட்டியிருக்கும் என்று பெரியப்பா நினைக்கிறார். இத்தனை வருஷமாக அதை ஒரே ஏடு என்றே எண்ணிக்கொண்டிருந்தோம். முதல் தடவை நான் அதைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து, திரும்ப வைத்திருக்கிறேன். அந்தப் படமும் என்னிடம் இருக்கிறது, ஆடாமல் நன்றாகவே வந்திருக்கிறது.

அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் விளக்கை அணைக்கச் சொன்னார், சூடு பட வேண்டாம் என்று.

20 | வடமராட்சி

பிரிக்க முயலவில்லைத்தானே?

21 | ஏட்டுக்காரி

இல்லை அண்ணா. தொடவில்லை. ஒட்டின இடம் தெரியும்படி சாய்வு வெளிச்சத்தில் ஆறு படம் எடுத்தேன், அவ்வளவுதான். தஞ்சாவூரில் சுவடி பராமரிப்புத் தெரிந்தவர் ஒருவரிடம் அந்தப் படங்களை அனுப்பினோம். ஈரப்பதம் கொடுத்து மெதுவாகப் பிரிக்கலாம், நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றிருக்கிறார். அடுத்த மாதம் போகிறோம். ஏட்டை மெல்லிய காகிதத்தில் சுற்றி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறோம்.

22 | நிழல்காரன்

பிரிக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருந்து படம் எடுப்பீர்களா? எடுப்பதாக இருந்தால் லென்ஸின் போக்கஸ் வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். வண்டியில் கொண்டுபோகும்போது நகர்ந்துவிடும்.

23 | ஏட்டுக்காரி

எடுப்பேன். அங்கே அனுமதி கேட்டுவிட்டோம். உள் இரண்டு பக்கமும் எத்தனை வருஷம் கழித்து வெளிச்சத்தைப் பார்க்கப் போகின்றன என்று தெரியவில்லை. டேப் ஒட்டிவிட்டேன். கேபிள், கண்ணாடி, சாம்பல் அட்டை மூன்றும் பையில் இருக்கின்றன. வட்டு பெரியப்பாவின் மகள் வீட்டில், தென்காசியில்.